டைரக்ட் கொடுத்த கதவு

கார் கதவுக்குப் போகும் ஒயர் எங்கே அறும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவுக்கும் அது மாட்டியிருக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு மடிப்பு ரப்பர் குழாய் இருக்கும். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அதற்குள் ஒயர் மடங்கி நிமிரும். ஐந்தாறு வருஷம் அப்படிப் போனால் அறுந்துவிடும். எந்த ஒயர் போடுவது, எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் இப்போது உங்கள் போனிலேயே படமாக வருகிறது. அதற்கு நான் தேவையில்லை.

நான் எழுதுவது ஒரே ஒரு கதவைப் பற்றி. அதில் நான் செய்த வேலை இரண்டு நிமிஷம். ஒன்பது நாள் கழித்து அதே கதவில் இன்னொரு இரண்டு நிமிஷ வேலை செய்தேன். இந்தத் தொழிலில் நாற்பது வருஷம் இருந்தேன். மற்ற வேலைகள் எதுவும் அதிகம் நினைவுக்கு வருவதில்லை.

நான் கோபிநத்தம் பக்கத்துக்காரன். படிப்பு ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றது. சேலத்தில் லாரிப் பட்டறை, பிறகு குண்டலுபேட்டையில் எல்லை தாண்டும் லாரிகளுக்கு லைட் வேலை, கொஞ்ச காலம் ஊட்டி, கொஞ்ச காலம் ஹாசன். எந்த ஊரிலும் மூன்று வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்கே இருப்புக் கொள்ளாது. மைசூரில் மட்டும் பதினோரு வருஷம் இருந்துவிட்டேன். ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. மழை நாளில் ரிப்பேருக்கு வந்த வண்டிக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன், கொட்டகை அப்படி ஒழுகும்.

முருகேசு அங்கேதான் பழக்கம். ஹனூர் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயசிருக்கும். பழைய கார் ஒன்றை வாங்கி, ஹெப்பாளில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்க விட்டிருந்தான். காலையில் இரண்டு ட்ரிப், சாயங்காலம் இரண்டு ட்ரிப். நம் பேச்சில் பேசலாம் என்பதற்காகவே வண்டியில் வேலை இல்லாத நாளிலும் வந்து உட்காருவான். அவன் மகன் வீட்டில் கன்னடத்தில்தான் பதில் சொல்கிறானாம். "எங்கூட தமிழ்ல பேசறதுன்னா அவனுக்கு வெளியூருக்காரன்கூட பேசற மாதிரி இருக்குதுங்ணா" என்று சொல்லிச் சிரிப்பான்.

ஒரு வியாழக்கிழமை காலை முதல் ட்ரிப்பை முடித்துவிட்டு வந்தான். வண்டி கொட்டகைக்குள் நுழையும் முன்பே சத்தம் கேட்டது. கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும். நாலு கதவும் சாத்தித்தான் இருந்தன. ஆனாலும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலத்துல இருந்து இதே கூத்துங்ணா. ஏறுறவங்க எல்லாம் கதவத் தொறந்து தொறந்து சாத்தறாங்க. ஒரு பொண்ணு காதுல பஞ்சு வெச்சுக்கிச்சு."

"உனக்கு நல்லதுதான? தூங்காம ஓட்டுவ."

"நீங்க வேற. பின்னாடி எடப்பக்கம் ஜன்னலும் எறங்கல. கம்பெனில புகார் போயிருச்சு. இன்னொன்னு வந்தா வண்டியே வேண்டாம்னுட்டாங்க. ஒம்பதரைக்கு அடுத்த ட்ரிப்பு. நாப்பது நிமிசம் இருக்குது, பாருங்ணா."

பின்னால் இடது கதவின் ரப்பர் குழாயைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று ஒயர் அறுந்திருந்தது, நாலாவது ஒரு இழையில் தொங்கியது. முறையாகச் செய்தால் கதவுப் பலகையைக் கழற்றி, எல்லாவற்றையும் புதிதாக இழுக்க வேண்டும். அரை நாள் ஆகும் என்றேன்.

"அரை நாள் நிறுத்துனா வேற வண்டியக் கூப்பிட்டுக்குவாங்க. அப்புறம் அந்த வண்டியேதான்."

ஜன்னல் ஒயரை அவசரத்துக்கு முறுக்கி ஒட்டினேன், ஜன்னல் இறங்கியது. கதவு ஸ்விட்ச் ஒயர் மட்டும் எட்டவில்லை, ஒரு முனை கதவுக்குள் போய்விட்டிருந்தது. அதனால் டைரக்ட் கொடுத்தேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவருக்காகச் சொல்கிறேன். கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று வண்டிக்குச் சொல்கிற ஒயர் அது. அந்த வண்டியில் அது அறுந்தால், கதவு திறந்திருக்கிறது என்றே வண்டி எடுத்துக்கொள்ளும். தூண் பக்கத்து முனையைப் பாடி இரும்போடு சேர்த்துவிட்டால், மூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பிறகு கதவு விரியத் திறந்து கிடந்தாலும் விளக்கு எரியாது, பஸ்ஸர் அடிக்காது. நம்மில் இதைச் செய்யாதவர் யாரும் இல்லை. கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள்.

நடுத்தூணின் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ஒரு சாண் கறுப்பு ஒயரால் சேர்த்து, டேப் சுற்றி, மூடியை மாட்டினேன். சத்தம் நின்றது.

"ஆயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சு, போ. ஞாயித்துக்கெழம கொண்டா, மொத்தமா மாத்தித் தந்துடறேன்."

"அப்பாடா. இப்பத்தான் தலைவலியே போச்சு."

இனிமேல் அந்தக் கதவு திறந்திருந்தாலும் விளக்கு எரியாது, ஆள் ஏறினபின் ஒருமுறை இறங்கிக் கையால் தள்ளிப் பார்த்துக்கொள். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொன்னால் பயந்து நாலு கேள்வி கேட்பான், ஒன்பதரை ஆகிவிடும் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தானே என்றும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. எதற்கு வருவான்? ஜன்னல் இறங்கியது, சத்தம் இல்லை. சத்தம் போடுகிற பழுதுதான் ஆளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரும். வாயை அடைத்துவிட்ட பழுது அப்படியே வண்டியோடு ஊர் சுற்றும். நான் போன் செய்திருக்கலாம். சாயங்காலம் வரை நினைவு இருந்தது. திங்கட்கிழமை காலை ஒரு வேன் ரிப்பேருக்கு வந்தது, அந்த வேலையில் இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது ட்ரிப்பில் முதலில் ஏறியது காவ்யா என்ற பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். அவள் பையின் வார் கதவு இடுக்கில் சிக்கி, கதவு அரைகுறையாகப் பிடித்திருக்கிறது. முருகேசு டேஷ்போர்டைப் பார்த்தான். விளக்கு இல்லை, எடுத்தான். ரிங் ரோடு வட்டத்தில் வலது பக்கம் திரும்பும்போது கதவு திறந்துகொண்டது. அந்தப் பெண் வெளியே விழுந்தாள். பின்னால் பைக்கில் வந்தவன் எப்படியோ வண்டியை ஒடித்து அவள் மேல் ஏற்றாமல் விலகினான். உயிர் போகவில்லை. இடுப்பும் இடது தோளும் உடைந்தது. அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க அவளால் இன்றைக்கும் முடியாது என்று கேள்வி.

மத்தியானம் முருகேசு போனில் அழுதான். "நான் பாத்துட்டுத்தான் எடுத்தேன்ணா. வெளக்கு எரியவே இல்ல. சத்தமும் இல்ல. நீங்க சரி பண்ணிக் குடுத்ததுதான, உங்களுக்குத் தெரியுமில்ல?"

"ம்" என்றேன். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவன் கேட்கவில்லை.

முருகேசு கவனமில்லாமல் ஓட்டினான் என்று போலீஸில் கேஸ் எழுதினார்கள். விளக்கு எரியவில்லை, பஸ்ஸர் அடிக்கவில்லை என்று அவன் எழுதிக்கொடுத்தான். அது உண்மையா என்று பார்க்க ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வர வேண்டும். விழுந்த இடத்தில் போட்ட இண்டிகேட்டரை அணைக்காமலே வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்து வந்து நிறுத்தியதில் பேட்டரி இறங்கிப் போயிருந்தது. வெளியிலிருந்து வேறு பேட்டரி கொடுக்க ஒரு எலக்ட்ரிஷியன் தேவைப்பட்டது. சனிக்கிழமை காலை ஒரு கான்ஸ்டபிள் என் கொட்டகைக்கு வந்து "பேக பன்னி, பேக பன்னி" என்று கன்னடத்தில் சீக்கிரம் வரச்சொல்லி அவசரப்படுத்தினார். என் பெயரைச் சொன்னது முருகேசுதான். அந்த அண்ணனுக்கு இந்த வண்டியைத் தெரியும், அவரையே கூப்பிடுங்கள் என்றிருக்கிறான்.

ஸ்டேஷன் பின்புறம் வண்டி நின்றது. முருகேசு நாலு நாளாகச் சவரம் செய்யாமல் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வந்துட்டீங்களாண்ணா. இனி பயமில்ல. வெளக்கு எரியாதத அவங்களே கண்ணால பாக்கட்டும்."

அவனிடம் லைசென்ஸ் ஜெராக்ஸ் இரண்டு காப்பி கேட்டார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போனான். கான்ஸ்டபிள் மர நிழலில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியோடு நான் மட்டும் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு ஸ்டேஷன் வாசல் என்றாலே பயம். காட்டில் சந்தனக் கடத்தல்காரனைத் தேடிய காலத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே தனியாக உட்கார வைப்பார்கள். அதனால்தான் அடுத்துச் செய்ததைச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நான் பின்னால் சேர்த்துக்கொண்ட காரணம். முருகேசும் அந்தப் பக்கத்துக்காரன்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஒயரை அப்படியே விட்டால், கதவைத் திறந்தாலும் விளக்கு எரியாது. முருகேசு சொன்னது உண்மை என்று ஆகும். ஏன் எரியவில்லை என்று இன்ஸ்பெக்டர் தேடுவார், தூணுக்குக் கீழே என் டேப் இருக்கும். எடுத்துவிட்டால், அறுந்த ஒயர் அறுந்தபடி இருக்கும். கதவு மூடியிருந்தாலும் பஸ்ஸர் அடிக்கும். என் கை பட்ட தடயம் இருக்காது. ஆனால் முருகேசு பொய் சொன்னதாக ஆகும். இதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். நாற்பது வருஷம் ஒயர் பிடித்தவனுக்கு எந்த முனையை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா?

மூடியைக் கழற்றினேன். ஒயரை உருவினேன். சட்டைப்பைக்குள் போட்டேன். மூடியை மாட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். முருகேசு ஜெராக்ஸோடு மூச்சிரைக்க வந்து நின்றான். நான் பேட்டரி கொடுத்து சாவியைத் திருப்பினேன். பஸ்ஸர் கத்தியது.

பேச்செல்லாம் கன்னடத்தில்தான். "எல்லாக் கதவையும் சாத்துங்கப்பா" என்றார் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தள்ளிப் பார்த்தார். "சாத்தித்தான் இருக்கு சார்." பஸ்ஸர் நிற்கவில்லை.

"சத்தமே வரலைன்னு எழுதிக் கொடுத்திருக்கியே. இது என்ன, கல்யாண வீட்டு நாதஸ்வரமா?"

"கம்பெனியிலயும் சொன்னாங்க சார்" என்றார் கான்ஸ்டபிள். "இந்த வண்டியில எப்பவும் சத்தம்னு போன வாரமே புகார் இருக்கு."

புகார் புதன்கிழமை எழுதினது. வியாழனுக்குப் பிறகு வண்டி சத்தமில்லாமல் ஓடியதை யாரும் எழுதவில்லை. சத்தம் இல்லை என்று யார் புகார் எழுதுவார்கள்? பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காவ்யாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"இது அடிச்சுக்கிட்டே இருக்குற வண்டி. நீ கண்டுக்காம ஓட்டியிருக்க. அதனால நிஜமாவே கதவு தெறந்திருந்தப்பவும் கண்டுக்கல" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கண் முன்னால் இருந்ததை வைத்து யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

முருகேசு என் பக்கம் திரும்பினான். "அண்ணா, நீங்க சொல்லுங்ணா. நீங்கதான சரி பண்ணிக் குடுத்தீங்க."

"இதைப் பார்த்தியா நீ?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"ஜன்னல் மட்டும்தான் சார் பார்த்தேன். பஸ்ஸர் என் வேலை இல்லை."

என் கன்னடம் அப்படி ஒன்றும் சுத்தம் கிடையாது. அன்றைக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

அவன் என் மேல் பாய்வான் என்று நினைத்தேன். பாயவில்லை. எதையோ எங்கே வைத்தோம் என்று தேடுகிறவன்போல வண்டியைப் பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "ஞாயித்துக்கிழமை மறுபடி கொண்டு வரச் சொன்னாரு சார். நான்தான் போகல" என்றான். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். கம்பெனி வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டது. கார் அவன் கையைவிட்டுப் போய்விட்டது. முருகேசு காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனான்.

டைரக்ட் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. கொடுப்பீர்கள். வாசலில் ஒருவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது வேறு வழி இருக்காது. கொடுத்தால் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுங்கள். வாயாலும் சொல்லுங்கள், அவன் முகம் சுளித்தாலும் சொல்லுங்கள். இது முதல் இரண்டு நிமிஷத்துக்கு. இரண்டாவது இரண்டு நிமிஷத்துக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் கை ரொம்ப நேர்த்தியாக வேலை செய்யும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சுத்தமாக ஒரு மூடியைக் கழற்றி மாட்டியதில்லை. அப்படிக் கை தானாக ஓடும்போது அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சும்மா நில்லுங்கள். நான் நிற்கவில்லை. அதனால் இதை அவனிடம் சொல்ல வேண்டியவன் உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல இடம் கிடைக்கவில்லை என்றும் இல்லை. நாலு மாசம் கழித்து ஒரு மத்தியானம் அவனே கொட்டகைக்கு வந்தான். இளைத்திருந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். பெரிய ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்த சீட்டு.

"ரெண்டு காதும் நல்லா இருக்குதுன்னு எழுதிட்டாங்கண்ணா."

"காதுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ஸ்டேசன்ல அது அந்தக் கத்து கத்துச்சே. செவ்வாக்கெழம எனக்கு ஏன் கேக்கல? அதத்தான் யோசிச்சிட்டே இருக்கறேன். ஆஸ்பத்திரி மிசின் வேற மாதிரி சத்தங்ணா, கீச்சு கீச்சுன்னு. உங்ககிட்ட அந்த பஸ்ஸரே இருக்குமில்ல? ஒருக்கா அடிச்சுக் காட்டுங்க."

பழைய சாமான் டப்பாவில் அதே மாதிரி பஸ்ஸர் ஒன்று கிடந்தது. பேட்டரியில் வைத்தேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றான். கேட்டால் கையைத் தூக்குகிறேன் என்றான்.

வைத்தேன், தூக்கினான். எடுத்தேன், இறக்கினான். இன்னும் கொஞ்சம் தள்ளி வாசல் பக்கம் போய் நின்றான். தூக்கினான். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்திலும் தூக்கினான். பஸ்ஸரைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னான். சுற்றி வைத்தேன். அதற்கும் தூக்கினான். நல்ல காது.

திரும்பி வந்து டயர் மேல் உட்கார்ந்தான்.

"கேக்குதுங்ணா."

"ஓட்டும்போது காத்துச் சத்தம் இருக்குமில்ல, முருகேசு."

"இல்லீங்ணா, கண்ணாடி ஏத்தித்தான் இருந்துச்சு." சீட்டைப் பிரித்து இன்னொரு தரம் பார்த்தான். "அப்ப அன்னைக்கும் கேட்டுருக்கும். நீங்க நிறுத்துனது மறுபடி அடிக்க ஆரம்பிச்சிருக்கும். கேட்டுக் கேட்டு மரத்துப் போயி, ட்ரிப்பு போயிடுமேன்னு அப்படியே ஓட்டியிருக்கறேன். அப்புறம் கேக்கலன்னு நானே நெனச்சுக்கிட்டேன் போல."

நான் பேட்டரி முனையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு மூணு தடவ போனேன்ணா. பஸ்ஸர் அடிக்கவே இல்லம்மான்னு சத்தியம் பண்ணினேன். அவங்க அம்மா பாதி நம்பிட்டாங்க, காபி எல்லாம் குடுத்தாங்க. ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு. இன்னைக்கே போயி உண்மையச் சொல்லிட்டு வந்துடறேன்."

பானையில் மொண்டு தண்ணீர் குடித்தான். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "வரேன்ணா" என்று ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றான்.

பஸ் வர ஏழெட்டு நிமிஷம் ஆனது. கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும்.